பன்றி முடியா, பேட்ஜர் முடியா: டெல்டாவுக்கு எந்த ஷேவிங் பிரஷ்?

கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ ஒரு ஃபேன்சி ஸ்டோரில் ஷேவிங் பிரஷ் கேட்டால், பெரும்பாலும் பிளாஸ்டிக் கைப்பிடியில் நைலான் முடி வைத்த பிரஷ்தான் கைக்கு வரும். விலை குறைவு. முடி உதிர ஆரம்பித்ததும் தூக்கிப் போட்டுவிட்டு இன்னொன்று வாங்கிக்கொள்வோம். இதற்கு மேல் யோசிக்க வேண்டிய பொருளாகப் பலருக்கும் அது தெரிந்ததில்லை. கார்ட்ரிட்ஜ் ரேசரின் விலைக்கு அலுத்துப்போய், அப்பா காலத்து டபுள் எட்ஜ் பிளேடுக்குத் திரும்புகிறவர்கள்தான் இப்போது பிரஷ்ஷைப் பற்றியும் கேட்கிறார்கள். பிளேடு மாறினால் சோப்பு மாறுகிறது, சோப்பு மாறினால் பிரஷ் மாறுகிறது. ஆன்லைனில் தேடினால் முதலில் கண்ணில் படுவது இரண்டு வகை. போர் (boar) என்று எழுதியிருப்பது பன்றி முடி. பேட்ஜர் என்பது வளைக்கரடியின் முடி. ஒன்று சில நூறு ரூபாயில் கிடைக்கிறது, மற்றது பல ஆயிரம். விலையைப் பார்த்தே பேட்ஜர்தான் உசத்தி என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

அந்த முடிவு சரியில்லை என்பது என் எண்ணம். அதிலும் நம் தண்ணீருக்கும் நம் ஈரக்காற்றுக்கும் நடுவில் வாழ்கிறவர்களுக்குச் சரியே இல்லை. ஏன் என்பதைப் புரிந்துகொள்ள முடியிலிருந்து தொடங்க வேண்டும்.

பன்றி முடி தடிமனானது, விறைப்பானது. முதுகுத்தண்டை ஒட்டி வளரும் முடிதான் நீளமும் உறுதியும் கொண்டது, பிரஷ்ஷுக்கு எடுப்பதும் அதைத்தான். ஒவ்வொரு முடியின் நுனியும் இயற்கையாகவே இரண்டு மூன்றாகப் பிளந்திருக்கும். பயன்படுத்தப் பயன்படுத்த அந்தப் பிளவு இன்னும் கூடும். அடி விறைப்பாகவே இருக்க, நுனி மட்டும் பஞ்சாகிக்கொண்டே போகும். இந்த முடி தண்ணீரைத் தனக்குள்ளேயே உறிஞ்சிக்கொள்ளும், உறிஞ்சிய பிறகுதான் வளைந்து கொடுக்கும். அதனால் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மூன்று நிமிடமாவது ஊற வேண்டும். சொம்பில் தண்ணீர் பிடித்து அதில் பிரஷ்ஷைப் போட்டுவிட்டுக் குளித்துவிட்டு வந்தால் சரியாக இருக்கும்.

பேட்ஜர் முடியின் அமைப்பே வேறு. நுனி ஊசிபோல மெலிந்து, நடுவில் தடித்து, அடியில் மறுபடி மெலியும். நிறமும் மூன்று பட்டையாக இருக்கும்: நுனி வெளுப்பு, நடுவில் கறுப்பு, அடியில் மறுபடி வெளுப்பு. பேட்ஜர் பிரஷ் தண்ணீரைப் பிடித்து வைப்பது முக்கியமாக முடிகளுக்கு இடையில்தான். ஊறவைக்கத் தேவையில்லை, நனைத்தால் போதும். முதல் நாளிலிருந்தே மிருதுவாக இருக்கும். நிறைய தண்ணீரைச் சுமக்கும், குறைந்த நேரத்தில் கொழகொழவென்று நுரை கட்டும். கன்னத்தில் வைத்தால் சுகமாக இருக்கும் என்பதை யாரும் மறுக்க முடியாது.

பன்றி முடி பிரஷ்ஷை வாங்கியவுடன் இந்தச் சுகத்தை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். முதல் நாள் குத்தும். நனைந்த மாட்டுத் தொழுவத்தை நினைவூட்டும் ஒரு வாடையும் வரும். ஷாம்பு போட்டு இரண்டு முறை அலசிக் காய வைத்தால் வாடை பெரும்பாலும் போய்விடும், மிச்சம் ஒரு வாரத்தில் தானாகப் போகும். குத்தல் போகத்தான் நாளாகும். கஞ்சி போட்ட புது வேட்டி துவைக்கத் துவைக்க உடம்போடு ஒட்டுவதுபோல, தினமும் பயன்படுத்தினால் ஏறக்குறைய ஒரு மாதத்தில் நுனிகள் பிளந்து பிரஷ் வசப்படும். பலரும் இந்த ஒரு மாதத்தைத் தாண்டுவதில்லை. இரண்டாவது வாரத்திலேயே ஓரமாக வைத்துவிட்டு, பன்றி முடி முரடு என்று தீர்ப்பும் சொல்லிவிடுகிறார்கள். பழகிய பன்றி முடி பிரஷ்ஷைத் தொட்டுப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். நுனியில் மென்மை, அடியில் பலம் என்ற சேர்க்கை சில பேட்ஜர் பிரஷ்களில்கூடக் கிடைக்காது.

எதைக் குழைக்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். கட்டி சோப்பிலிருந்து நுரை எடுக்க, அதன்மேல் அழுத்தித் தேய்க்கும் விறைப்பு வேண்டும், அது பன்றி முடிக்கு உண்டு. டியூப் கிரீம் எதிலும் நுரைக்கும், அதற்கு பேட்ஜர் அவசியமே இல்லை. முகத்திலேயே வட்டமாகத் தேய்த்து நுரை கட்டுகிறவர்களுக்கு விறைப்பான பிரஷ் இன்னொரு உபகாரமும் செய்யும்: படுத்துக் கிடக்கும் தாடி முடியை நிமிர்த்தும், செத்த தோலையும் எடுக்கும். பருக்கள் உள்ளவர்கள், பிளேடு பட்டாலே சிவந்துபோகும் தோல் உள்ளவர்கள் மட்டும் இந்தத் தேய்ப்பைத் தவிர்க்க வேண்டும். அவர்களுக்கு மென்மையான பிரஷ்தான் நல்லது. ஆனால் மென்மை வேண்டுமென்றால் பேட்ஜர்தான் ஒரே வழி என்பது இப்போது பழைய கதை. அதற்குப் பிறகு வருகிறேன்.

இனி நம் ஊர்ச் சமாசாரம். டெல்டாவில் தண்ணீர் எல்லா ஊரிலும் ஒன்றுபோல இல்லை. திருவையாறு, கல்லணைப் பக்கம் ஆற்றோரத்தில் இருப்பவர்களுக்கு ஓரளவு நல்ல தண்ணீர். கடைமடைக்குப் போகப் போக, தலைஞாயிறு, வேதாரண்யம், கோடியக்கரை என்று கடல் நெருங்க நெருங்க, நிலத்தடி நீரில் உப்பு ஏறிக்கொண்டே போகிறது. ஆற்றில் வரத்து குறைந்து, நிலத்தடியிலிருந்து இறைப்பது கூடினால் கடல்நீர் உள்ளே வரும். குடிப்பதற்குக் கொள்ளிடத்திலிருந்து கூட்டுக் குடிநீர் வருகிறது, குளிக்கவும் சவரம் செய்யவும் பல வீடுகளில் போர்வெல் தண்ணீர்தான்.

கடின நீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத வெள்ளைப் படிவமாகிவிடும். பக்கெட்டின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டு, நகத்தால் சுரண்டினால் வருகிறதே, அதேதான். சோப்பின் ஒரு பகுதி இப்படி வீணாகிப் போவதால் நுரை குறைகிறது. உப்பு மிகுந்தாலும் நுரை மட்டுப்படும். எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கிய பேட்ஜராக இருந்தாலும் இதை மாற்ற முடியாது. இன்னும் மோசம் என்னவென்றால், அந்தப் படிவம் பிரஷ்ஷின் அடியில், முடி கைப்பிடிக்குள் இறங்கும் இடத்தில் போய்ச் சேர்கிறது. பேட்ஜர் முடியின் அடி மெல்லியது, அதை மிக நெருக்கமாகக் கட்டுவார்கள். நெருக்கம் கூடக் கூட உள்ளே சேர்ந்ததை எடுப்பது கடினம். அழுத்தித் தேய்த்தால் முடி ஒடியும். பன்றி முடியை அவ்வளவு நெருக்கமாகக் கட்டுவதில்லை, விரலை விட்டு அலசினாலும் தாங்கும்.

கடைமடைப் பக்கம் இருப்பவர்களுக்கு என் யோசனை, சவரத்துக்கு மட்டும் ஒரு சொம்பு குடிநீரையோ பிடித்து வைத்த மழைநீரையோ எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முகத்துக்கு அதுவே தாராளம். பிரஷ்ஷை மாற்றுவதைவிட இந்த ஒரு சொம்பு தண்ணீர் நுரையில் பெரிய வித்தியாசம் காட்டும். ஏற்கெனவே படிவம் ஏறிய பிரஷ்ஷை, ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு ஸ்பூன் வினிகரோ கொஞ்சம் எலுமிச்சை உப்போ கலந்து சில நிமிடம் வைத்து அலசினால் விட்டுவிடும்.

அடுத்தது ஈரம். ஐப்பசி, கார்த்திகையில் துணியே இரண்டு நாள் காயாத ஊரில், நெருக்கமாகக் கட்டிய முடி எப்படிக் காயும்? வெளியே தொட்டால் உலர்ந்த மாதிரி இருக்கும், அடியில் ஈரம் நிற்கும். நாள்பட நின்றால் பூஞ்சை, துர்நாற்றம், முடி உதிர்வு. ஐரோப்பாவின் குளிரான, உலர்ந்த குளியலறைக்கு எழுதிய பராமரிப்புக் குறிப்புகள் இங்கே பாதிதான் பொருந்தும். அலசி, உதறி, துண்டில் ஒற்றி, காற்றோட்டமான ஜன்னலோரத்தில் விட வேண்டும். நிமிர்த்தி வைக்கலாமா, தலைகீழாகத் தொங்கவிடலாமா என்று பெரிய வாதமே நடக்கிறது. என்னைக் கேட்டால் இரண்டும் ஒன்றுதான், காற்று பட வேண்டும், அவ்வளவுதான். மூடி போட்ட டப்பாவும் கதவு சாத்திய பாத்ரூம் அலமாரியும் கூடவே கூடாது. மழைக்காலத்தில் இரண்டு பிரஷ் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது இன்னும் நல்லது. ஒரு நல்ல பேட்ஜரின் விலைக்குப் பன்றி முடி பிரஷ் இரண்டு வாங்கினாலும் கையில் மிச்சம் இருக்கும்.

விலங்கு முடி எதுவானாலும் பூச்சிக்கு இரை என்பதையும் மறக்கக் கூடாது. பீரோவில் திருபுவனம் பட்டுப்புடவையை அரிக்கும் அதே வகைப் பூச்சிகள் பிரஷ்ஷையும் அரிக்கும். தினமும் பயன்படுத்தும் பிரஷ்ஷுக்கு இந்தக் கவலை இல்லை. சிங்கப்பூரிலிருந்து மாமா கொண்டுவந்தது, நல்ல நாளில் எடுப்போம் என்று பெட்டியோடு எடுத்து வைக்கிறோமே, அதுதான் போகும்.

எனக்கு மனசில் உறுத்துவது முடி எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி. பிரஷ்ஷில் உள்ள பன்றி முடி பெரும்பாலும் வளர்ப்புப் பன்றியுடையது. போர் என்று போட்டிருப்பதால் காட்டுப்பன்றியை நினைத்துக்கொள்ள வேண்டாம். இறைச்சிக்காக வளர்த்த விலங்கின் முடி தனியாக ஒரு பண்டமாகிறது. உலகச் சந்தைக்கு மிகுதியாக வருவது சீனாவிலிருந்து. இந்தியாவில் கான்பூர் இந்த முடிக்கு நெடுங்காலமாகப் பேர்போன சந்தை.

பேட்ஜர் கதை அப்படியல்ல. பிரிட்டனில் 1992ஆம் ஆண்டுச் சட்டம் அந்த விலங்குக்கும் அதன் வளைக்கும் பாதுகாப்புத் தருகிறது. ஆனால் பிரிட்டனில் பெருமையாக விற்கும் பேட்ஜர் பிரஷ்ஷின் முடி வருவதோ சீனாவிலிருந்து. அங்கே கண்ணி வைத்துப் பிடிப்பதும் கூண்டில் வளர்ப்பதும் நடக்கிறது. 2018ல் பீட்டாவின் ஆசியப் பிரிவு இந்தக் கூண்டுகளின் காணொளிகளை வெளியிட்டது. அதற்குப் பிறகு வெளிநாட்டுப் பெரிய நிறுவனங்கள் சில பேட்ஜர் முடியைக் கைவிட்டன. ஜல்லிக்கட்டு விவகாரத்துக்குப் பிறகு பீட்டா என்றாலே இங்கே பலருக்கும் கசப்பு என்று தெரியும், அந்தக் கசப்புக்கு நியாயமும் உண்டு. அதற்காகக் கூண்டில் தலையை ஆட்டிக்கொண்டே சுற்றும் அந்த விலங்கைப் பார்க்காமல் இருக்க முடியாது. மாட்டை வீட்டுப் பிள்ளைபோல வளர்க்கிறோம் என்று சொல்கிற நமக்கு, நுரைக்காக ஒரு விலங்கைக் கூண்டில் அடைப்பது இன்னும் அதிகமாகவே உறுத்த வேண்டும்.

நம் நாட்டிலேயே இதற்கு ஒரு முன்கதை உண்டு. ஓவியத் தூரிகைக்குக் கீரி முடிக்கு மவுசு இருந்தது. அதுவும் பட்டை பட்டையாக நிறம் மாறும், விறைப்பும் மெல்லிய நுனியும் சேர்ந்த முடி. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் கீரி வந்த பிறகும் அதை அடித்து முடி எடுப்பது நிற்கவில்லை. 2019ல் வனவிலங்குக் குற்றத் தடுப்புப் பிரிவு, ‘ஆபரேஷன் கிளீன் ஆர்ட்’ என்ற பெயரில் கீரி முடித் தூரிகைத் தொழிலைக் குறிவைத்துச் சோதனைகள் நடத்தியது. தஞ்சாவூரில் படம் எழுதுகிறவர்கள் வேறு தூரிகைக்குப் போக முடியும் என்றால், முகம் மழிக்கிற நாமும் போகலாம்.

விலை உயர்ந்த முடி என்றால் போலியும் கூடவே வரும். அதனால் உயிரே போன காலம் ஒன்று இருந்தது. முதல் உலகப் போர் வந்ததும் ஐரோப்பாவின் பேட்ஜர் முடி வரத்து அடிபட்டது. அதற்குப் பதிலாக ஆசியாவிலிருந்து வந்த குதிரை முடியை பேட்ஜர்போலத் தோற்றம் கொடுத்து விற்றார்கள். அதில் சரியாகக் கிருமி நீக்காத முடியும் இருந்தது. அதன் வழியே பரவியது ஆந்த்ராக்ஸ், நம் மாடு வளர்ப்போர் அடைப்பான் என்று சொல்லும் அதே நோய். அதன் வித்துகள் முடியில் பல காலம் உயிரோடு கிடக்கும். பிளேடு கீறிய கன்னத்தில் பிரஷ் பட்டதும் உள்ளே இறங்கின. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் படைவீரர்களும் பொதுமக்களுமாக 200 பேருக்கு மேல் இப்படி நோய் வந்ததாகப் பதிவாகியிருக்கிறது, பலர் இறந்தார்கள். ஜப்பானிலிருந்து ஷேவிங் பிரஷ் இறக்குமதி செய்வதை 1920ல் பிரிட்டன் தடை செய்தது.

இன்று முறையான தொழிற்சாலைகளில் முடியைக் கொதிக்க வைத்துச் சுத்தம் செய்துதான் கட்டுகிறார்கள், பயப்பட வேண்டியதில்லை. போலி மட்டும் ஒழியவில்லை. பன்றி முடியின் நடுவில் கறுப்புச் சாயம் ஏற்றி பேட்ஜர்போலக் காட்டுவார்கள், செயற்கை இழையிலும் அதே பட்டை வரும். உண்மையான பேட்ஜரிலும் பியூர், பெஸ்ட், சூப்பர், சில்வர்டிப் என்று தரம் போடுகிறார்களே, அதை அளக்கப் பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது. ஒரு கம்பெனியின் பெஸ்ட் இன்னொரு கம்பெனியின் சூப்பருக்கு மேலாக இருக்கலாம். கையில் உள்ள பிரஷ்ஷைச் சோதிக்க, நல்ல வெளிச்சத்தில் நுனியைப் பாருங்கள். பிளந்திருந்தால் பன்றி, ஒற்றையாக மெலிந்து முடிந்தால் பேட்ஜராகவோ செயற்கையாகவோ இருக்கலாம். உதிர்ந்த ஒரு முடியைக் கொளுத்தினால் அந்தச் சந்தேகமும் தீரும். விலங்கு முடி கருகி, மயிர் பொசுங்கும் வாடை அடித்துச் சாம்பலாகும். செயற்கை இழை உருகிக் குண்டுமணியாகத் திரளும்.

டெல்டாவில் பன்றி முடியைத் தொடவே முடியாதவர்களும் இருக்கிறார்கள். நாகூர், கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் என்று பல ஊர்களில் முஸ்லிம் குடும்பங்களுக்கு அது மார்க்கம் விலக்கியது. சைவக் குடும்பங்களிலும் வேண்டாம் என்பவர்கள் உண்டு. கடைகளில் பல பிரஷ்களின் அட்டையில் வெறுமே இயற்கை முடி என்று போட்டிருப்பது இவர்களுக்குச் செய்யும் அநியாயம். எந்த விலங்கு என்று எழுத வேண்டாமா? நம் கடற்கரை ஊர்களிலிருந்து தலைமுறை தலைமுறையாகப் பிழைக்கப் போகும் மலேசியாவில், பன்றி, நாயின் பாகங்களால் செய்த பொருளில் அதைக் குறிப்பிட வேண்டும் என்று 2013லேயே விதி வந்துவிட்டது. 2017ல், அப்படிக் குறிக்காமல் கடைகளில் வைத்திருந்த பெயின்ட் பிரஷ்களை அதிகாரிகள் அள்ளிக்கொண்டு போனார்கள். இங்கேயும் அப்படி ஒரு விதி வர வேண்டும்.

இவர்களுக்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று குதிரை முடி. பிடரியிலிருந்தும் வாலிலிருந்தும் வெட்டி எடுப்பது, அதற்காகக் குதிரையைக் கொல்ல வேண்டியதில்லை. பன்றிக்கும் பேட்ஜருக்கும் நடுவில் நிற்கும் மென்மை. ஸ்பெயினிலும் துருக்கியிலும் புழக்கம் அதிகம், நம் பக்கம் தேடித்தான் வாங்க வேண்டும். இன்னொன்று செயற்கை இழை. நைலான் என்றதும் அந்த ஃபேன்சி ஸ்டோர் பிரஷ்தான் ஞாபகம் வரும். நைலான் முதலில் வந்தது பல் துலக்கும் பிரஷ்ஷுக்கு, 1938ல், அமெரிக்காவில். அதுவரை அங்கே பல் பிரஷ்ஷிலும் பன்றி முடிதான். அடுத்து வந்த உலகப் போரில் பன்றி முடிக்குக் கடும் தட்டுப்பாடு. சீனாவிலிருந்து இமயத்தைத் தாண்டி இந்தியாவுக்குத் திரும்பிய ராணுவ விமானங்களில் டங்ஸ்டனோடு பன்றி முடியும் ஏறி வந்தது என்றால் அதன் மதிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்து நைலான் தடித்தது, நுனி மழுங்கலானது. இன்று வரும் நல்ல செயற்கை பிரஷ்களில் பிபிடி என்னும் இழையை பேட்ஜர் முடிபோலவே நுனியில் மெலிய வைத்துச் செய்கிறார்கள். ஊறவைக்க வேண்டாம், பழக்கப்படுத்த வேண்டாம். தண்ணீரை உறிஞ்சாது, அதனால் கார்த்திகை மழையிலும் சீக்கிரம் உலரும். பூச்சியும் தொடாது. தோல் மென்மையானவர்களுக்கு பேட்ஜருக்குப் பதிலாக நான் சொல்ல வந்தது இதைத்தான்.

ஆக, விலங்கு முடியில் ஆட்சேபம் இல்லாத, கட்டி சோப்பு போடுகிற ஆளுக்கு நான் கை காட்டுவது பன்றி முடியை. முடிக்கட்டின் குறுக்களவு 24 மில்லிமீட்டர் இருந்தால் முகத்துக்குப் போதும். கைப்பிடிக்கு வெளியே முடி 55 மில்லிமீட்டராவது நீண்டிருக்கட்டும், குட்டையாக இருந்தால் விறைப்பு தாங்காது. இத்தாலியில் போலோன்யாவின் ஒமேகா, போர்ச்சுகலின் செமோக் என்ற கம்பெனிகள் இரண்டும் இந்த வகையில் நெடுநாள் அனுபவம் உள்ளவை. மழைக்காலத்துக்கு ஒரு செயற்கை பிரஷ் கூட வைத்துக்கொள்ளலாம். வீட்டில் ஏற்கெனவே ஒரு பேட்ஜர் இருக்கிறது என்றால் தூக்கி எறிய வேண்டாம். அந்த விலங்கு போனது போனதுதான். நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காய வைத்தால் அது பத்து வருடத்துக்கு மேலும் உழைக்கும், அதுவரை புதிதாக எதுவும் வாங்க வேண்டியிருக்காது.